சாந்தோரினியில் கூடைக்கொடியைப் பிடுங்கிவிட்டுக் கம்பியில் ஏற்றலாமா?

கேள்வி: கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில் எங்கள் குடும்பத்துக்கு எட்டு ஸ்ட்ரெம்மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர், திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அசீர்ட்டிகோ ரகம், ஓரங்களில் அய்டானி, அதிரி ரகங்களும். எல்லாம் தரையோடு கூடை போலச் சுருட்டி வளர்த்த பழைய கொடிகள். காய்ப்பு குறைந்துவிட்டது, கவாத்துக்கு ஆளும் கிடைப்பதில்லை. பிடுங்கிவிட்டு ஒட்டுக்கன்று நட்டுக் கம்பியில் ஏற்றலாமா? அய்டானியையும் அதிரியையும் எடுத்துவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள். வேர் நன்றாகத்தான் இருக்கும்; கிழடாகிப் போனது மேலே இருக்கும் கூடை. ஆண்டுதோறும் சுருட்டச் சுருட்டக் கட்டை நீண்டுகொண்டே போகிறது. துளிர்வரை சாறு ஏற அவ்வளவு தூரம் சுற்றி வர வேண்டும், காய்ப்பு குறையாமல் என்ன செய்யும்? உங்கள் தீவில் காலங்காலமாக இதற்கு ஒரு வைத்தியம் உண்டு: கூடையைத் தரைமட்டத்தில் வெட்டி எடுத்துவிடுவார்கள். பழைய தூரிலிருந்து புதுத் துளிர் வரும். அதைக் கொண்டு மறுபடி கூடை பின்னலாம். ஆனால் வெட்டிய கொடியில் சில ஆண்டுகள் வருமானம் இருக்காது. அதனால் தோட்டம் முழுவதையும் ஒரே குளிர்காலத்தில் வெட்டிவிடாமல் ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் செய்யுங்கள்.

இடைவெளிகளுக்கு ஒட்டுக்கன்று வாங்க வேண்டியதில்லை. பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையை மண்ணில் பதியம் போட்டாலே போதும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பில்லாக்சரா வேர்ப்பேன் உங்கள் மண்ணில் நிலைக்கவில்லை; எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த, களியே இல்லாத மண் அது. மற்ற இடங்களில் அந்தப் பேனைத் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுகிறார்கள்; இங்கே சொந்த வேரில் நிற்கும் கொடிக்கு வேறு வேர்ச்செடி எதற்கு?

ஆள் பிரச்சினை நியாயம்தான். குனிந்தபடி கவாத்து செய்வது இடுப்பை ஒடிக்கும் வேலை. ஆனாலும் கூடை அழகுக்காக வந்ததல்ல. கோடையில் மெல்தெமி காற்று மணலை வாரி அடிக்கும்போது குலை உள்ளே பத்திரமாக இருக்கும். மழை குறைவு, அதுவும் குளிர்காலத்தில்தான். கடலிலிருந்து வரும் இரவு ஈரத்தை அந்த மண் பிடித்துவைக்கிறது. கம்பியில் ஏறி நிற்கும் கொடி காற்றில் காய்ந்து கூடுதல் தண்ணீர் கேட்கும். காற்று மறைவான அடுக்கு வயல் ஏதாவது இருந்தால், அங்கே மட்டும் புதிதாக நட்டுத் தாழ்வான கம்பி கட்டிப் பாருங்கள். சிவப்பு ஒயினுக்கு மவ்ரோட்ராகனோ நல்ல தேர்வு. ஒரு காலத்தில் அழிந்துபோக இருந்த ரகம். இப்போது நல்ல மதிப்பு.

அய்டானியையும் அதிரியையும் தொடவே வேண்டாம். ஆகஸ்ட் வெயிலில் பழுத்தாலும் புளிப்பு இறங்காதது அசீர்ட்டிகோவின் பலம். மணத்துக்கு அய்டானி, மென்மைக்கு அதிரி. வின்சாண்டோ இனிப்பு ஒயினில் குறைந்தது 51 சதவீதம் அசீர்ட்டிகோ இருந்தாக வேண்டும். மீதியில் இவை இரண்டுக்கும் முக்கிய இடம் உண்டு. அந்த ஒயினுக்குக் கொடுப்பதானால் நன்கு பழுத்த, கீறல் இல்லாத குலைகளைத் தனியாக அறுத்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஏறக்குறைய இரண்டு வாரம் வெயிலில் உலர்த்துங்கள். நடுவில் அழுகல் தெரிந்தால் அந்தக் குலையை உடனே அப்புறப்படுத்திவிடுங்கள்.