கப்பியின் வாலைக் கடிப்பது யார்?

கேள்வி: எங்கள் மீன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஊற்றுவது போர் தண்ணீர். கப்பி 6, டைகர் பார்ப் 3, குட்டி ஏஞ்சல் 2, கோல்டு ஃபிஷ், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் தலா ஒன்று. எல்லாம் ஒன்றாக இருக்கும் என்றுதான் கடையில் சொன்னார்கள். இப்போது கப்பிகளின் வால் கிழிந்து கிடக்கிறது. மகள் நியான் டெட்ரா என்ற சின்ன மீன் கேட்கிறாள், வாங்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். முதலில் வாலைப் பாருங்கள். ஓரம் வெளுத்து நூல் நூலாகப் பிரிந்தால் அழுகல் நோய், தண்ணீரைச் சரிசெய்யுங்கள். துண்டு எடுத்த மாதிரி பிய்ந்திருந்தால் கடி. எனக்கு டைகர் பார்ப் மேல்தான் சந்தேகம். தொட்டிக்கு நாலடி தள்ளி அசையாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். கிட்டே போனால் தீனி என்று எல்லாம் கண்ணாடிக்கு ஓடிவந்துவிடும், ஒன்றும் தெரியாது. பார்ப் பின்னாலிருந்து வந்து வெடுக்கென்று ஒரு கடி கடிக்கும், கப்பி துள்ளி விலகும். டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். எட்டுப் பத்து இருந்தால் சண்டை பெரும்பாலும் அதுகளுக்குள்ளேயே முடியும். மூன்றே மூன்று என்றால் அடுத்த மீனின் வால்தான். எத்தனை இருந்தாலும் கப்பியோடு விடாதீர்கள்.

ஏஞ்சலும் உங்கள் தொட்டிக்கு ஆகாது. வளர்ந்தால் துடுப்புகளோடு சேர்த்து உள்ளங்கையைவிட உயரமாக நிற்கும். வாயில் அடங்குவதெல்லாம் அதற்கு இரை, நியானும்தான். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம். உங்களிடம் இருப்பது ஐம்பது லிட்டர் சொச்சம்தான், சீக்கிரம் கெட்டுவிடும். சக்கர் ஓரடிக்கு மேல் வளரும். பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ கடைக்கோ கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து ஏரியில், கிணற்றில் விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

சரி, எதை வைத்துக்கொள்வது? தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியானால் உங்களுடையது கடின நீர். நியானுக்கு மென்மையான நீர் வேண்டும். மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கப்பி, பிளாட்டி இரண்டுக்கும் கடின நீர் ரொம்பப் பிடிக்கும். இருக்கிற கப்பியோடு நாலைந்து பிளாட்டி போதும். ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு மூன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் பெண்ணைத் துரத்தியே களைக்க வைத்துவிடும். இரண்டுமே குட்டி போடுபவை. ஒரு மூலையில் ஜாவா மாஸ் என்ற பாசிச் செடி அடர்த்தியாக இருந்தால் குட்டிகள் ஒளிந்து பிழைக்கும். உங்கள் மகளுக்கு நியானைவிட இதுவே பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஆண் ஃபைட்டர் மீனைக் கப்பியோடு விடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். கப்பியின் நீண்ட வண்ண வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் என்று பாயும். தனியாகவே வையுங்கள். அதற்காகக் கண்ணாடிக் குடுவையில் அடைக்காதீர்கள். மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்தான், ஆனாலும் நீந்த இடமும் சுத்தமான தண்ணீரும் வேண்டும். இருபது லிட்டர் கொடுங்கள்.