வீடும் சுகாதாரமும்: வாசகர் கேள்வி – பதில்

மழை விட்டதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஈத் தொல்லையைப் பற்றியவை. அதனால் இந்த இதழை முழுவதும் ஈக்கே ஒதுக்கிவிட்டேன். சுகாதார ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியவன் நான். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறையவே இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. எங்களுக்கும் இரண்டு மாடுகள் உண்டு. மழைக்குப் பிறகு சோற்றுத் தட்டை ஒரு நிமிடம் திறந்து வைக்க முடியவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. காலையும் மாலையும் மருந்து அடிக்கிறோம். அடித்த சற்று நேரத்தில் ஈ மறுபடியும் வந்துவிடுகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலில் மருந்து அடிப்பதை நிறுத்துங்கள், அம்மா. குழந்தை கிடக்கும் வீட்டுக்குள் நாள்தோறும் விஷத்தைத் தூவ வேண்டாம். அதனால் சாவது பறக்கிற ஈ மட்டும்தான். எருவுக்குள் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் கிடப்பதை அந்த மருந்து தொடுவதே இல்லை. பெண் ஈ ஒரு தடவைக்கு ஏறத்தாழ 100 முட்டை இடும். நம் ஊர் வெயிலில் முட்டை ஒரே நாளில் பொரிந்து, 7 முதல் 10 நாளில் ஈயாகப் பறந்துவிடும். மருந்துக்கும் அது சீக்கிரம் பழகிவிடுகிறது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து வந்தபோது ஈ ஒழிந்தது என்றே பலர் நம்பினார்கள். 1946-லேயே சுவீடனில் அதற்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன.

ஆகவே, ஈ பிறக்கும் இடத்தைத் தேடுங்கள். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். மாட்டுச் சிறுநீர் தேங்கும் தொழுவத்து மூலை, எருக்குழி ஓரம், கழுநீர்த் தொட்டியின் அடி, பாத்திரம் விளக்கும் இடத்தில் சோறும் மண்ணும் சேர்ந்த சேறு, எல்லாவற்றையும் கிளறிப் பாருங்கள். தலைப்பக்கம் கூர்ந்து வால்பக்கம் தடித்த வெளிறிய புழு நெளியும். கொஞ்சம் தள்ளிக் காய்ந்த மண்ணைச் சீண்டினால் செம்பழுப்பு நிறத்தில் கோதுமை மணிபோலக் கூட்டுப்புழுக்கள் கிடக்கும். புழு வளர ஈரம் வேண்டும். கூட்டுப்புழுவாக மாறக் காய்ந்த இடம் தேடி வெளியே வரும். அதனால் குழியின் நடுவை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

சாணத்தைக் குவித்து வைக்காமல் வாரம் இரண்டு முறையாவது அள்ளி, மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள். எருக்குழியைத் தார்ப்பாயால் இறுக மூடி, விளிம்பு முழுவதும் மண் போடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் புழு தாங்காது.

இனி பண்ணை. சண்டையாகப் போகாமல் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போய்ப் பேசுங்கள். கூண்டுக்கு அடியில் விழும் கோழி எரு காய்ந்து கூம்பாக நின்றால் அதில் ஈ அவ்வளவாகப் பெருகாது. கோழிகள் கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய்முனையான நிப்பிள் ஒழுகி எரு கூழாகும்போதுதான் ஆபத்து. ஒழுகும் நிப்பிளை மாற்றுவது, சாரல் உள்ளே அடிக்காமல் பார்ப்பது, கொட்டகையைச் சுற்றி மழைநீர் ஓட வாய்க்கால் வெட்டுவது, இவைதான் முக்கியம். எருவை அள்ளும்போது அடியில் காய்ந்த பழைய எருவைக் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஈயின் முட்டையைத் தின்னும் வண்டுகளும் உண்ணிகளும் அதில்தான் வாழ்கின்றன. புழுவாக இருக்கும்போதே தடுக்கத் தீவனத்தில் கலக்கும் மருந்தும் இருக்கிறது. அதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். பேசியும் பலனில்லை என்றால் ஊராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எந்த அலுவலகத்திலும் நிற்காது.

இதற்கிடையில் வீட்டுக்குள் செய்ய வேண்டியது: சன்னலுக்கு வலை, சாப்பிடும் இடத்தில் மின்விசிறி. இரவில் விளக்கைப் போட்டு, ஈக்கள் எங்கே அடைகின்றன என்று பாருங்கள். கொடிக்கயிறு, தொங்கும் ஒயர், உத்தர விளிம்பு என்று சில இடங்களில் அவற்றின் எச்சம் கரும்புள்ளிகளாக அப்பியிருக்கும். ஒட்டும் அட்டையை அங்கே தொங்கவிட்டால்தான் பயன்.

குழந்தையின் பால் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரைத் துகள்மேல் உட்கார்ந்த வீட்டு ஈயைக் கிட்ட இருந்து கவனியுங்கள். அதற்குக் கடிக்கும் வாய் கிடையாது. உள்ளிருந்து ஒரு சொட்டைக் கக்கித் துகளைக் கரைத்து, நுனி அகன்ற குழலால் ஒற்றி ஒற்றி உறிஞ்சும். சற்றுமுன் எருக்குழியில் உறிஞ்சியதும் அந்தச் சொட்டோடு வரும். பிஞ்சு வயிற்றுக்கு வயிற்றுப்போக்கு வர அது போதும். புட்டியின் ரப்பர் ஒரு நொடிகூட மூடாமல் இருக்கக் கூடாது.

கேள்வி: டீக்கடை வைத்திருக்கிறேன். எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைத்தேன். தண்ணீர்ப் பையும் கட்டித் தொங்கவிட்டேன். ஈ குறையவில்லை.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: குறையாது, தம்பி. பையை அவிழ்த்துவிடுங்கள். டீத்தூள் சக்கை போடும் வாளிக்கு மூடி போடுங்கள். வடைக்குக் கண்ணாடிப் பெட்டி வாங்குங்கள். மேசை துடைக்கும் துணியைத் தினமும் சோப்பு போட்டு அலசி வெயிலில் உலர்த்துங்கள். அந்த ஈரத்துணியில் ஊறிய பாலும் சர்க்கரையும்தான் ஈயை அழைக்கின்றன.

கேள்வி: குளியலறைச் சுவரில் சிறு அந்துப்பூச்சி போன்ற சாம்பல் நிற ஈக்கள் உட்கார்ந்திருக்கின்றன. பினாயில் ஊற்றியும் போகவில்லை.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இவை சாக்கடை ஈக்கள். கழிவுநீர்க் குழாயின் உட்சுவரில் படியும் வழுவழுப்பில் வளர்பவை. பினாயில் அந்தப் படிவின் மேலே வழிந்து ஓடிவிடும். எந்தத் துளை என்று தெரிய, இரவில் துளையின்மீது ஒட்டும் நாடாவை, ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி, பாதி மூடி ஒட்டிவையுங்கள். காலையில் ஈ ஒட்டியிருந்தால் அதுதான் இடம். சல்லடையைக் கழற்றி, நீளப் பிரஷ்ஷால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள். எழும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: மாடித்தோட்டத்தில் பாகற்காய் பிஞ்சிலேயே கோணிக்கொண்டு பழுத்து விழுகிறது. வெட்டினால் புழு. எந்த மருந்து அடிக்கலாம்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழ ஈயின் வேலை இது. செம்பழுப்பு உடல், கறை படிந்த சிறகு. பெண் ஈ வால்நுனியால் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். பிஞ்சைத் திருப்பிப் பாருங்கள்; குத்திய இடத்தில் பிசின்போல ஒரு சொட்டு கசிந்து உறைந்திருக்கும். புழு காய்க்குள் இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதற்குப் போய்ச் சேராது. நீங்கள் சாப்பிடும் காய்க்குத்தான் போகும்.

விழுந்த காயைத் தொட்டியிலேயே விடாதீர்கள். முற்றிய புழு துள்ளி வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். உரத்தொட்டியிலும் போட வேண்டாம். பாலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, சில நாட்கள் கடும் வெயிலில் வையுங்கள். தொட்டி மண்ணை அவ்வப்போது கிளறி வெயில் படச் செய்யுங்கள். பூ வாடிப் பிஞ்சு பிடித்தவுடன் காகித உறை மாட்டிவிடுவது மாடித்தோட்டத்துக்கு எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி.

வாசனையால் ஈயை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வாங்குவதானால், எந்த வாசனைப்பொருள் வைத்தது என்று கேட்டு வாங்குங்கள். பாகல், புடலை, பீர்க்குக்கு ‘கியூ லூர்’. மா, கொய்யாவுக்கு ‘மெத்தில் யூஜினால்’. மாற்றி வைத்தால் வேண்டிய ஈ சிக்காது. இரண்டிலும் விழுவது ஆண் ஈக்கள்தான். எனவே பொறி வைத்த பிறகும் உறையைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: சமையலறைக் கழிவை உரமாக்கும் வாளியில் தடித்த பெரிய புழுக்கள் நிறைந்துவிட்டன. வீட்டில் எல்லோரும் பயந்து வாளியைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: எறியாதீர்கள்! தட்டையாக, வளையம் வளையமாக, முற்றும்போது கறுப்பாக மாறினால் அவை ‘பிளாக் சோல்ஜர்’ ஈயின் புழுக்கள். கழிவை வெகு வேகமாகத் தின்று தீர்க்கும். அந்த ஈ பார்க்கக் குளவிபோல இருந்தாலும் கொட்டாது. சோற்றை நாடி வருவதும் இல்லை. இவை நிறைந்த வாளியில் வீட்டு ஈ பெருகுவது கடினம்.

வாளியின் அடியில் தேங்கும் நீரை வடித்துவிட்டு, மேலே காய்ந்த இலையைக் கனமாகப் போடுங்கள். நாற்றம் அடங்கும். முற்றிய புழுக்கள் தாமாகவே வாளியை விட்டு ஏறி வெளியே வரும். பக்கத்தில் யாராவது கோழி வளர்த்தால் அவற்றைச் சேகரித்துக் கொடுங்கள். கோழிகள் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காது.