வீடுகளில் புகை அலாரம் வைப்பது சட்டப்படி கட்டாயமா?

செட்டிநாட்டுப் பழைய வீட்டில் புகை அலாரம் மாட்டச் சொல்லி வெளிநாட்டில் இருக்கும் உறவினர் நச்சரிக்கிறார், சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. குடியிருக்கும் தனி வீட்டுக்கு நம் ஊரில் அப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பில் 4ஆம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்புதான், ஆனால் அது பரிந்துரை, மாநில விதிகளுக்குள் வந்தால்தான் நம்மைக் கட்டுப்படுத்தும். உயரமான அடுக்குமாடிக்கும் விடுதிக்கும் கணக்கு வேறு. வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கும் யோசனை இருந்தால் முதலில் தீயணைப்புத் துறையில் கேட்டுவிடுங்கள்.

நச்சரிப்பவர் சிங்கப்பூரில் இருப்பார், சரிதானே? அங்கே 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளுக்கு இது கட்டாயம். எங்கள் தம்பி மகனும் அங்கேதான். லீவுக்கு வந்தவன் இரண்டு அலாரம் கொண்டுவந்து, ஒன்றை அடுப்படியிலும் இன்னொன்றைப் பட்டாலை, அதாவது உள்திண்ணை, உத்தரத்திலும் ஏணி போட்டு மாட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அடுப்படியில் மிளகாய் தாளித்தால் போதும், அது ஊரையே கூட்டியது. மூன்றாம் நாள் சமையல்காரம்மா அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அடுப்படிக்குப் புகை அலாரம் சரிப்படாது, சூட்டுக்கு மட்டும் அடிக்கிற வகை தனியாக இருக்கிறது. பட்டாலையில் இருந்தது கொஞ்ச மாதம் கழித்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'கிச்' என்று கத்த ஆரம்பித்தது. காவலுக்கு இருக்கும் அக்கா போன் பண்ணி, "அண்ணே, உத்தரத்துல ஏதோ குஞ்சு கத்துது, கூடு கட்டிருச்சு போல" என்றார். நானும் பாவம், இருக்கட்டும் என்றேன். ஒரு வாரத்தில் சத்தம் நின்றுபோனது. அது பேட்டரி தீர்கிற சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாமி அறையில் விளக்கை அமர்த்த மறந்திருக்கிறார்கள். எரிகிற திரியை எலி இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறையில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாய்க்குள் விட்டுவிட்டது. பாய் தீயாக எரியவில்லை, விடிய விடியக் கனன்றுகொண்டே இருந்திருக்கிறது. நாற்றத்தில் அக்கா விழித்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். நிலைக்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கரி. பர்மா தேக்கு என்பதால் தப்பித்தது என்று ஊரில் சொல்கிறார்கள், தேக்கும் எரியும் ஐயா, அக்காவுக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

பேட்டரி இருந்திருந்தாலும் பட்டாலை அலாரம் அந்த இடத்தில் அடித்திருக்குமா என்பது சந்தேகமே. பதினைந்தடி உயரம், பக்கத்தில் திறந்த முற்றம், புகை மேலே சேர்வதற்குள் வானத்துக்குப் போய்விடும். ஆகவே அலாரம் வைப்பதானால் கதவு மூடிக்கிடக்கும் சிறிய அறைக்குள், கூரையில் வையுங்கள். மாதம் ஒரு தடவை பொத்தானை அமுக்கிப் பாருங்கள். பத்து வருஷம் ஆனால் கருவியையே மாற்ற வேண்டும். "எங்க ஐயா காலத்துல அலாரமா இருந்துச்சு" என்று யாராவது கீழே எழுத வருவீர்கள், தெரியும். ஐயா காலத்தில் வீட்டில் முப்பது பேர் படுத்திருந்தார்கள்.

அதைவிட முக்கியம் வயரிங். எங்கள் வீட்டில் ஒன்பது பங்கு. பழைய வயரை மாற்றலாம் என்று நான்கு வருஷமாகக் கேட்கிறேன், இரண்டு பேர்தான் காசு அனுப்பினார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது மட்டும் பித்தளை அண்டா எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. கரிப்பிடித்த நிலைக்கதவைப் படம் எடுத்துப் பங்காளிகள் குழுவில் போட்டேன், ஏழு பேர் கும்பிடு போட்டார்கள், ஒருவர் மட்டும் அந்தக் கதவு இப்போது என்ன விலை போகும் என்று கேட்டார்.