ஓட்டுவதா, பூட்டி வைப்பதா?

வாசகர் கேள்வி – பதில்: மோட்டார் வாகனம்

கேள்வி: எனக்கு வயது 66. பணி ஓய்வு பெற்ற கையோடு, ஆறு ஆண்டுகளுக்கு முன், ஃபெராரி 458 இத்தாலியா ஒன்றை இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். அப்போது 14,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இன்று 16,500. வண்டியை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஓடோமீட்டரில் எண் நகர்வதைப் பார்த்தால் கையிலிருந்து காசு கரைவதைப் போல இருக்கிறது. டர்போ இல்லாத கடைசி வி8 ஃபெராரி, விலை ஏறும், தொடாமல் வை என்கிறார்கள் நண்பர்கள். நான் ஆசைப்பட்டதோ ஓட்டுவதற்கு. எது சரி?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2009இல் அறிமுகமான 458, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவின் துணையின்றி 4.5 லிட்டர் வி8 என்ஜினை நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் வரை சுழலவிட்ட வண்டி. 2015இல் அதன் இடத்துக்கு வந்த 488 டர்போவுக்கு மாறிவிட்டது. அந்த ஒலிக்காகவே 458ஐத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள்.

விட்டுப்போன பாதி என்னவென்றால், சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பது இரண்டு காரணங்களுக்காக: வண்டி மிகச் சிலவே தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது தொழிற்சாலையிலிருந்து வந்த மேனிக்கு ஓடாமல் இருக்க வேண்டும். 458 இத்தாலியா எண்ணிக்கை வரம்பின்றித் தொடர்ந்து தயாரிக்கப்பட்ட வண்டி. ஓடாத வண்டி என்ற பட்டியலிலிருந்தோ, நீங்கள் வாங்குவதற்கு முன்பே, முதல் உரிமையாளரின் காலத்திலேயே அது வெளியேறிவிட்டது. கிலோமீட்டரால் வரும் விலைச்சரிவு சீரானதன்று. முதல் சில ஆயிரங்களில்தான் அது செங்குத்தாக இறங்கும், பிறகு தணிந்துவிடும். 500 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கும் 5,000 ஓடிய வண்டிக்கும் உள்ள இடைவெளியை, 16,500க்கும் 30,000க்கும் இடையே யாரும் வைப்பதில்லை. அந்தச் செங்குத்துச் சரிவின் நட்டத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்டு உங்களிடம் வண்டியைக் கொடுத்திருக்கிறார்; அதன் பலனைத்தான் நீங்கள் அனுபவிக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

இந்த வாதத்தில் தவறாமல் தலைகாட்டும் வண்டி மெக்லாரன் நிறுவனத்தின் எஃப்1 என்னும் சூப்பர்கார். மொத்தம் 106 மட்டுமே தயாரிக்கப்பட்ட அந்த வண்டிகளில் ஒன்று, சுமார் 390 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய நிலையில், 2021இல் பெப்பிள் பீச் ஏலத்தில் இரண்டு கோடி டாலருக்கும் மேல் விலைபோனது. பூட்டி வைக்கச் சொல்பவர்கள் இதைக் காட்டுவார்கள். ஓட்டச் சொல்பவர்கள் நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சனைக் காட்டுவார்கள். அவர் 1997இல் வாங்கிய எஃப்1ஐ அன்றாட வண்டியைப் போல 41,000 மைல் ஓட்டி, இரண்டு முறை மோதி, இரண்டாவது மோதலுக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் ஒன்பது லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்துப் பழுதுபார்த்த பிறகும், வாங்கிய விலையைப் போலப் பல மடங்குக்கு 2015இல் விற்றார். இரண்டு கதைகளும் உங்களுக்குப் பொருந்தா. நூற்றுச் சொச்சம் வண்டிகளே உள்ள உலகில் ஓட்டினாலும் விலை ஏறும், ஓட்டாவிட்டாலும் ஏறும். உங்கள் வண்டிக்குத் தேவை சாதாரணமான ஒரு கணக்கு.

வண்டியின் இன்றைய மதிப்பை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் வீதம் எட்டு ஆண்டுகள் ஓட்டினால் 40,500இல் வந்து நிற்பீர்கள். ஓட்டாமல் வைத்திருந்தால் கிடைக்கக்கூடிய விலையைவிட அப்போது 12 பங்கு குறைவாகக் கிடைக்கும் என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். காப்பீடு, ஆண்டு சர்வீஸ், நிறுத்தும் இடம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 3 பங்கு போகிறது என்றால் எட்டு ஆண்டில் 24 பங்கு. இது ஓட்டினாலும் போகும், ஓட்டாவிட்டாலும் போகும். அதாவது 12 பங்கைக் காப்பதற்காக 24 பங்கு செலவழித்து, கைமாறாக ஒன்றும் பெறாமல் இருப்பீர்கள். என் எண்களை அடித்துவிட்டு உங்கள் ரசீதுகளில் உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள். டயரையும் பெட்ரோலையும் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சும்மா நிற்கும் வண்டி அப்படியே இருக்கும் என்பதும் ஒரு மயக்கந்தான். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர், மூன்று ஆண்டுகள் உறையைக் கழற்றாமல் வைத்திருந்த தம் இத்தாலிய வண்டியைப் பெருமையுடன் காட்டினார். சன்னல் பொத்தானை அழுத்தியபோது அதன் மேல்பூச்சு இளகி, என் கட்டைவிரலில் கரிய பசையாக ஒட்டிக்கொண்டது. 1990களிலும் 2000களிலும் வந்த பல இத்தாலிய வண்டிகளில் இந்தப் பூச்சு காலப்போக்கில் பிசுபிசுத்துவிடும். ஓடோமீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியைத் தள்ளப் பார்த்தோம், நகரவில்லை. பிரேக் பேட் துருவோடு சேர்ந்து டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் தோள் கொடுத்த பிறகு ‘டொக்’கென்று விடுபட்டது. அந்த ஒலியைக் கேட்ட நண்பரின் முகம் போன போக்கை எழுத வேண்டாம். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். எத்தனால் கலந்த பெட்ரோலும் உறிஞ்சும். ரப்பர் சீல்கள் உலர்ந்து எண்ணெய் கசியும். பேட்டரி தானாகவே இறங்கும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். விவரம் அறிந்த வாங்குபவர், பத்து ஆண்டில் ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியைக் கண்டால் முதலில் மகிழ்வார், பிறகு மெக்கானிக்கை அழைத்துவருவார்.

ஆகவே ஓட்டுங்கள் என்பதே என் பதில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, என்ஜினைக் குளிர்விக்கும் நீர் மட்டுமல்லாமல் எண்ணெயும் முழுச் சூடு ஏறும் அளவுக்கு, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். கொட்டகையிலேயே பத்து நிமிடம் என்ஜினை உறுமவிட்டு அணைப்பது, ஓட்டாமலே விடுவதைவிட மோசம். எரிவதால் உண்டாகும் ஈரம் வெளியேறாமல் எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஆண்டு சர்வீஸைக் கிலோமீட்டர் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். முன்மூக்குக்கும் பக்கவாட்டுக்கும் கல்லடி படாதபடி ஒளிபுகும் படலம் ஒட்டிவிடுங்கள். மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும் காப்பீடு கிடைத்தால் அதையே எடுங்கள். 40,000 கிலோமீட்டரும் ஒரு ரசீது விடாத கோப்பும் உள்ள வண்டி, விற்கும்போது உங்கள் நண்பர்கள் அஞ்சுவதுபோல் உங்களைக் கைவிடாது.

கேள்வி: வயது 71, முழங்கால் வலி உண்டு. நானோ விலை நிற்கும் வண்டியாகவும் வேண்டும், ஓட்டி மகிழவும் வேண்டும் என்று, மேனுவல் கியருள்ள பழைய சூப்பர்கார் ஒன்றைத் தேடுகிறேன். ஃபெராரி எஃப்40 போன்ற ஒன்றைக் கனவு காண்கிறேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் கிடைக்குமா?

பதில்: கிடைப்பது கடினம். விலை நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் உடம்பை வருத்தும் வண்டிகள். வருத்துவதாலேயே அவற்றுக்கு அந்த விலை என்றுகூடச் சொல்லலாம். 1987இல் வெளிவந்த எஃப்40இல் பவர் ஸ்டியரிங் இல்லை, மிதிக்கும் வலுவைக் கூட்டித் தரும் சர்வோ துணை பிரேக்குக்கு இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. அந்த வண்டி வெளியானபோது நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரிக்கு வயது 89. அவர் அதில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பராமரிப்பும் அப்படித்தான். எஃப்40இன் ரப்பர் பெட்ரோல் பைகளுக்கு ஆயுள் குறைவு, ஓட்டாவிட்டாலும் காலம் வந்தால் மாற்றியாக வேண்டும். அதைவிட எளிய ஃபெராரி எஃப்355இலேயே, வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற என்ஜினைக் கீழே இறக்க வேண்டும்.

முழங்காலை வைத்துப் பார்த்தால் உயரம் முக்கியம். 458இன் கூரை தரையிலிருந்து சுமார் 121 சென்டிமீட்டர். போர்ஷே 911க்கு ஏறத்தாழ 130. இந்த ஒன்பது சென்டிமீட்டர் உங்கள் வயதில் பெரிய தொகை. கார்பன் உடற்கூடு கொண்ட வண்டிகளில் வாசல் விளிம்பு அகலமாக இருக்கும். அதில் காலை முதலில் நீட்டி நுழைவது இளைஞர் வழி. நமக்குரிய வழி வேறு: முதுகை வண்டிக்குக் காட்டி நின்று, விளிம்பிலோ இருக்கையிலோ முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். கதவைப் பிடித்து எழாதீர்கள். கதவு ஆடும், தோளும் போகும்.

வாங்குமுன், பக்கத்தில் இன்னொரு கார் நெருங்கி நிற்கும் இடத்தில் மூன்று முறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூன்றாவது முறை உங்கள் வாயிலிருந்து வரும் சொல் எதுவோ அதுவே முடிவு. இரட்டை கிளட்ச் தானியங்கிக் கியர், வண்டியின் முன்மூக்கைத் தூக்கிக்கொடுக்கும் வசதி, மேடுபள்ளத்துக்கு சஸ்பென்ஷனை இளக்கும் பொத்தான் ஆகிய மூன்றும் உள்ள, ஏற்கெனவே நன்றாக ஓடிய வண்டியாகப் பாருங்கள். விலை நிற்பதை மறந்துவிடுங்கள். வாங்கும்போதே விலையின் பெருஞ்சரிவு முடிந்த வண்டியாக இருந்தால் போதும். வயதை ஒரு தடையாகவே நான் சொல்லவில்லை. நடிகர் பால் நியூமன் 1995இல், தம் 70ஆவது வயதில், டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் வென்ற அணியில் ஒருவராக ஓட்டியிருக்கிறார். அவருடைய முழங்கால் எப்படி இருந்தது என்பது வேறு விஷயம்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. 2005இல் வாங்கிய போர்ஷே கரேரா ஜிடி இருக்கிறது. மொத்தமே 3,800 கிலோமீட்டர்தான் ஓடியது. ஏழு ஆண்டுகளாக நகரவில்லை. இப்போது திடீரென்று ஓட்டப்போகிறேன் என்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு என்று நாங்கள் நினைத்திருந்த சொத்து. அவரை எப்படித் தடுப்பது?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு கவலைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று அவரைப் பற்றியது, மற்றது பணத்தைப் பற்றியது. முதலாவதைப் பேசுவோம்.

அந்த வண்டியை அவர் நாளைக்கே எடுக்கக் கூடாது. காரணம் அவர் வயதன்று, டயரின் வயது. டயரின் பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளங்கள் புதிதுபோல ஆழமாக இருக்கும், ரப்பரோ இறுகிப் பிடிமானம் இழந்திருக்கும். 2013இல் நடிகர் பால் வாக்கர் உயிரிழந்தது இதே கரேரா ஜிடியில்தான்; மிகை வேகத்தையே காரணமாகக் கூறிய விசாரணையாளர்கள், டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதையும் பதிவுசெய்தார்கள். 600 குதிரைத்திறனைத் தாண்டும் வி10 என்ஜின் இருந்தும் வழுக்கும்போது தாங்கிப் பிடிக்கும் மின்னணு நிலைப்படுத்தி இல்லாத வண்டி அது. மிஷெலின் நிறுவனம் பின்னாளில் இந்த வண்டிக்கென்றே புதிய டயர்களைத் தயாரித்தது, அவற்றைப் போடுங்கள். திரவங்கள் அனைத்தையும், பழைய பெட்ரோலையும் மாற்றி, பிரேக்கைப் பிரித்துப் பார்த்த பிறகு, மூடிய பந்தயத்தடம் ஒன்றில் பயிற்சியாளர் பக்கத்தில் அமர முதல் நாள் ஓட்டட்டும். அதற்குமுன் கண் பரிசோதனை ஒன்று. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை எதையாவது எடுக்கிறாரா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பகலில், ஈரமில்லாத சாலையில் மட்டும் என்று அவரே ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பணத்துக்கு வருவோம். முதல் கேள்வி கேட்டவருக்குச் சொன்ன கணக்கு இங்கே செல்லாது. 1,270 மட்டுமே தயாரான வண்டியில் 3,800 கிலோமீட்டர் என்பது சேகரிப்பாளர்கள் தேடும் எண். இங்கே ஒவ்வொரு ஆயிரத்துக்கும் உண்மையாகவே விலை உண்டு. அதை மறைக்காமல் எண்ணாக எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். இதை விற்று, ஓடிய 911 ஒன்றை வாங்கி மனம்போல ஓட்டிவிட்டு, மீதத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு வைப்பது ஒரு வழி. அவரே அதைத் தேர்ந்தெடுத்தாலும் எடுப்பார். இல்லை, எனக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்றால், அது அவர் சம்பாதித்து வாங்கியது. சாவியை ஒளித்துவைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓடோமீட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இரண்டு ஆசையும் நிறைவேறாதா?

பதில்: கழற்றிய வண்டியை அந்த எண்ணைக் காட்டி விற்றால் அதற்குப் பெயர் மோசடி. கண்டுபிடிக்கவும் சிரமமில்லை. இன்றைய வண்டிகளில் என்ஜின் ஓடிய மணிநேரம், கிளட்ச் தேய்மானம் போன்றவை கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவாகின்றன. சர்வீஸ் நிலையத்தில் கருவியைச் செருகினால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் திரையில் வந்துவிடும். பழைய வண்டி என்றால் பிரேக் மிதிகட்டையின் ரப்பரைப் பார்ப்பார்கள்.