பாப்பாவை டிரிப்பிள் ஈ சேர்க்கலாமா? பாலக்கோட்டு அம்மாவுக்கு

அம்மா, போன வாரம் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். பத்தாவது முடித்த பெண்ணைக் கரண்ட் வேலைக்கு, அதாவது டிரிப்பிள் ஈ என்கிற மின், மின்னணுப் பொறியியல் டிப்ளமோ, படிக்க வைக்கலாமா? இல்லை, ஆறே மாதத்தில் மின்வண்டிப் பயிற்சி தருகிறோம், வேலை நிச்சயம் என்று ஒன்றரை லட்சம் கேட்கிற இடத்தில் சேர்க்கலாமா?

இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

வேலை இல்லை என்பதற்காக இல்லை. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர் இரண்டும் மின்ஸ்கூட்டர் செய்கின்றன. போச்சம்பள்ளி ஓலா ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தார்கள். நம் பக்கத்துப் பெண்கள் பலர் இன்று கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஆனால் அசெம்பிளி வரிசையில் திருகு முடுக்குகிறவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பேட்டரி ஏன் சூடாகிறது என்று கண்டுபிடிப்பவரை அப்படி மாற்ற முடியாது. ஆறு மாதத்தில் அந்தத் திருகு முடுக்கும் வேலைதான் கைக்கு வரும்.

அந்தப் பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட். 16 செல்லை வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட். நிக்கல் வகை செல் என்றால் கணக்கு வேறு, சூடு தாங்கும் அளவும் வேறு. எந்தப் பேட்டரியிலும் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட முன்னால் நிரம்பினால், அதைக் கவனித்து நிறுத்துவது பேட்டரி மேலாண்மைச் சுற்று. இனி சோடியம் செல் பரவலாக வந்தாலும் வோல்ட், ஆம்பியர், வெப்பம் என்ற அடிப்படை அப்படியேதான் இருக்கும். அதைத்தான் டிரிப்பிள் ஈ டிப்ளமோவில் மூன்று வருடம் படிக்கிறார்கள்.

கூரை சோலாருக்கும் அதே படிப்புதான். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். கூரை சோலாருக்காக மத்திய அரசு 2024இல் கொண்டுவந்த சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதனால் வீடுகளில் பேனல் ஏறுகிறது. மாட்டிவிட்டுப் போக ஆள் இருக்கிறது, இரண்டு வருடம் கழித்து, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வெர்ட்டர் நின்றால் வந்து பார்க்க ஆள் எங்கே? பாலக்கோட்டிலேயே இருந்து செய்யக்கூடிய வேலை இது. போச்சம்பள்ளி பஸ்ஸைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

சரி, எங்கே சேர்ப்பது? கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் உங்களுக்குப் பாரமாக இருக்காது. இடம் கிடைக்காவிட்டால் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன், இரண்டு வருடம். அதை முடித்தால் டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்துக்குப் போகலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயையும் சேரும்போதே கேட்டு வையுங்கள்.

ஷாக் அடிக்குமே என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் சரியானதுதான் அம்மா. மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்பதைத்தான் முறையான படிப்பில் முதலில் பழக்குவார்கள்.

மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழோடு அடுத்த வாரம் வாருங்கள். பாப்பாவையும் கூட்டி வாருங்கள். இதுவரை நீங்கள்தான் பேசினீர்கள், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.