சூடேறினால் நின்றுவிடும் பைக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய, கார்புரேட்டர் பொருத்திய 150 சிசி பைக். காலையில் ஒரே உதையில் கிளம்பிவிடும் வண்டி, சேலத்திலிருந்து திரும்புகையில் தொப்பூர் ஏற்றத்தில் இழுவை குறைந்து, எஞ்சின் அனலாகி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது. பிளக் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவியாயிற்று. புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. ஆனாலும் மெக்கானிக் போர் செய்ய (சிலிண்டரைக் குடைந்து புது பிஸ்டன் போட) சொல்கிறார். செய்யலாமா? அவசரத்துக்கு எஞ்சின் மீது தண்ணீர் ஊற்றலாமா?
– தருமபுரி வாசகர்

பதில்: தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் உலோகம் ஓரிடத்தில் மட்டும் திடீரெனச் சுருங்கினால் சிலிண்டர் ஹெட் கோணலாகவோ விரிசல் விடவோ வாய்ப்புண்டு. போர் வேலையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால் காலை வேளையிலும் இழுவை குறைந்திருக்கும். நீலப் புகையும் ஆயில் குறைவும் தெரிந்திருக்கும்.

பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடுவதால்தான் உங்கள் வண்டியின் கோளாறு யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கிறது. ஆகவே, நின்ற இடத்திலேயே, சூடு இறங்குவதற்குள் பார்க்க வேண்டும். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே வண்டி கிளம்பிவிட்டால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். காற்று புகாத டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே இறங்குவது குறைகிறது. பெட்ரோல் குறைந்த கலவை எரியும்போது எஞ்சின் மேலும் சூடாகிறது என்பதால், பார்ப்பவர்கள் சூட்டையே காரணமாக எண்ணிவிடுகிறார்கள்.

அது இல்லையென்றால், கையுறை அணிந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, கைவசமுள்ள இன்னொரு பிளக்கை ஒயர் மூடியில் செருகி, டேங்கையும் கார்புரேட்டரையும் விட்டு விலகிய உலோகப் பகுதியில் அதன் உடல் படும்படி வைத்துக் கிக்கரை உதையுங்கள். பொறி வராமலோ மங்கலாகவோ இருந்தால், இக்னிஷன் காயில் (பொறிக்கான மின்சாரத்தைத் தருவது) அல்லது பல்ஸர் காயில் (பொறி விழ வேண்டிய நேரத்தைச் சொல்வது) சூட்டில் தொடர்பு அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது எனலாம். இத்தகைய காயில் குளிர்ந்த நிலையில் மீட்டர் வைத்துப் பார்க்கையில் பழுதில்லை என்றே காட்டும்.

பெட்ரோல், தீப்பொறி இரண்டும் சரியாக இருந்து, கிக்கர் மட்டும் வழக்கமான எதிர்ப்பின்றி லேசாக இறங்கினால், என் சந்தேகம் வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட் மீதுதான். ஓட ஓட வால்வு அமரும் இடம் தேய்ந்து, டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். சூட்டில் வால்வு நீள்கையில் அது முழுதாக மூடாமல் அழுத்தம் கசிந்துவிடும். டேப்பெட் சத்தம் கேட்டால் பதறும் நம்மவர்கள், சத்தமே இல்லாத டேப்பெட்டைக் கண்டுகொள்வதில்லை. வாடிக்கையாளர் சத்தம் பிடிக்கவில்லை என்றதற்காக அளவுக்கு மீறி இறுக்கிவிடும் மெக்கானிக்குகளும் உண்டு. பல சிறிய எஞ்சின்களில் இந்த இடைவெளி 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்து, எஞ்சின் முழுதும் குளிர்ந்த பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். கிக்கர் இறங்கவே மறுத்தால் மட்டும் வலிந்து உதைக்காதீர்கள். அது பிஸ்டன் ஜாம் ஆவதன் அறிகுறி.

இவற்றோடு, கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு உள்ளதா, ஆயில் அளவு சரியா, எஞ்சின் ஃபின்களில் (சூட்டை வெளியேற்றும் தகடுகளில்) சேறு அப்பியிருக்கிறதா, பிரேக் பிடித்தபடியே சக்கரம் சுற்றுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எரியத் தேவைப்படும் காற்று சற்றுக் குறைவு. ஆக்சிஜன் சென்சார் உள்ள புதிய வண்டிகள் அதற்கேற்பத் தாமே திருத்திக்கொள்ளும், உங்கள் கார்புரேட்டரால் அது முடியாது என்பதால், கலவையில் பெட்ரோல் குறைந்துபோகலாம். அதன் அறிகுறியாகப் பிளக் முனை வெளுத்திருந்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவை மாற்றுவது பற்றி மெக்கானிக்கிடம் பேசுங்கள்.