கைப்பிடி இல்லாத நாற்காலிகள்

கேள்வி: ஒன்றரை வருடத்துக்கு முன் புதிதாகச் சாப்பாட்டு மேஜை வாங்கினோம். பழைய மர நாற்காலிகள் அதோடு ஒட்டவில்லை என்று வெளிர்நிறத்தில் மெத்தை வைத்த நாற்காலிகள் வாங்கினோம். அவை வந்ததும் சுவர் மங்கலாகத் தெரிந்தது, பெயின்ட் அடித்தோம். பிறகு திரைச்சீலை, தொங்கும் விளக்கு, கண்ணாடி அலமாரி எல்லாம் மாறிவிட்டன. இப்போது தரைதான் உறுத்துகிறது. டைல்ஸ் மாற்றலாம் என்கிறேன், கணவர் போதும் என்கிறார். தினமும் வாக்குவாதம். மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. மாமாகூட இப்போது தன் அறையில் கட்டிலிலேயே சாப்பிட்டுவிடுகிறார், அதனால் நாற்காலிகள் கறைபடாமல் இருக்கின்றன. பழைய மேஜையை விற்றாயிற்று, கைவைத்த பழைய நாற்காலிகள் மாடியில் கிடக்கின்றன. தரையை மாற்றுவதா, வேண்டாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மேஜையிலிருந்து தரை வரைக்கும் விலாவாரியாக எழுதிவிட்டு, மாமாவுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த வரியும் நாற்காலியில் கறை படவில்லை என்ற நிம்மதியில்தான் முடிகிறது. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அங்கேயேதான் நின்றேன்.

ஒன்று வாங்கப்போய் ஒன்பது வாங்கிய கதை எனக்கு வாரம் ஒன்றாவது வரும். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்குப் பசு வாங்கிய சாமியாரிலிருந்து இது நடக்கிறது. திதெரோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரும் இதில் மாட்டிக்கொண்டவர்தான். அவருக்குப் புதிதாக ஓர் அங்கி கிடைத்தது. அதன் பக்கத்தில் பழைய நாற்காலி, மேஜை எல்லாம் அவர் கண்ணுக்கே அசிங்கமாகப் பட, ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியில் பழைய அங்கியை ஏன் விட்டோம் என்று வருந்தி 1769-இல் ஒரு கட்டுரையே எழுதினார். 1988-இல் கிரான்ட் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் இந்தப் பழக்கத்துக்குத் 'திதெரோ விளைவு' என்று அவர் பெயரையே வைத்தார்.

அந்தக் கட்டுரையில் என் மனதில் தங்கியது வேறு விஷயம். பழைய அங்கியின் ஓரத்தால்தான் அவர் புத்தகத் தூசியைத் துடைப்பார், பேனாவில் மை உறைந்தால் அதிலேயே துடைத்துக்கொள்வார். அந்த அங்கி அவருக்கு உழைத்தது. புதியதை அழுக்காகாமல் பார்த்துக்கொள்வதே அவருக்கு வேலையாகிப்போனது.

உங்கள் பழைய நாற்காலியும் அப்படி உழைத்ததுதான். அதற்குக் கை இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயதானவர் எழுந்திருப்பதை என்றாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் இருக்கையின் நுனிக்கு நகர்வார். கால்களைப் பின்னுக்கு இழுப்பார். பிறகு இரண்டு கையாலும் நாற்காலியின் கைகளை அழுத்தித்தான் உடம்பைத் தூக்குவார். அப்படி ஊன்றும்போது முழங்காலுக்கு விழும் பாரம் குறைகிறது. கையில்லாத மெத்தை நாற்காலியில் அவர் எதை ஊன்றுவார்? மெத்தை வேறு உள்ளே அமுங்கி ஆளைக் கீழே இறக்கும். மேஜையைப் பிடித்துத்தான் எழ வேண்டும். தட்டு ஆடும், தண்ணீர் சிந்தும், வெளிர்நிறத் துணியில் சொட்டு விழும். அப்போது யாராவது ஓடிவந்து துணியைத் துடைத்திருப்பீர்கள். ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த அவசரமே போதும் அவருக்கு.

அவர் தானாகத்தான் அறைக்குப் போனார் என்று சொல்வீர்கள். பெரியவர்கள் அப்படித்தான் போவார்கள், சண்டை போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். இடைஞ்சலாக இருக்கிறோம் என்று தோன்றினால் தட்டை எடுத்துக்கொண்டு விலகிவிடுவார்கள். கூப்பிட்டு உட்காரவைப்பது வீட்டில் இருப்பவர்களின் கடமை. இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாப்பிடும்போது முதுகு நிமிர்ந்து, கால் தரையில் பதிந்திருக்க வேண்டும். கட்டிலில் சரிந்தோ குனிந்தோ சாப்பிட்டால் புரையேற வாய்ப்பு அதிகம், வயதானால் இன்னும் அதிகம். மூடிய அறையில் அவருக்குப் புரையேறினால் யார் காதில் விழும்? நீங்கள் அந்த நேரத்தில் கணவரோடு டைல்ஸ் பற்றி வாதாடிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் கணவரையும் விடப்போவதில்லை. தரைக்குப் 'போதும்' சொல்லத் தெரிந்தவருக்கு, தன் அப்பாவின் இடம் காலியாக இருப்பது இத்தனை நாளும் எப்படிக் கண்ணில் படாமல் போனது? இந்தப் பக்கத்தை அவரிடமும் காட்டுங்கள்.

இன்றைக்கே மாடியிலிருந்து ஒரு நாற்காலியை இறக்குங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நான்கு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். மூட்டு தளர்ந்திருந்தால் தச்சரிடம் கொடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள், அதுவரை அவரை உட்காரவைக்காதீர்கள். பொதுவாக மேஜை 75 செ.மீ. உயரமும் இருக்கை 45 செ.மீ. உயரமும் இருக்கும். மேஜைப் பலகைக்கு அடியில் ஓடும் சட்டத்தில் நாற்காலியின் கை இடிக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். இடித்தால் நாற்காலி உள்ளே போகாது, அவர் தட்டிலிருந்து தள்ளி உட்கார நேரும். அப்படியானால் நாற்காலியின் கையைத் தொடாதீர்கள், மேஜைக் காலுக்கு அடியில் அகலமான கட்டை கொடுத்து உயர்த்தித் தரச் சொல்லுங்கள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், மேஜை விளிம்பிலிருந்து 90 செ.மீ.யாவது காலியாக இருக்க வேண்டும். கண்ணாடி அலமாரி அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லை என்றால் அலமாரி வேறு அறைக்குப் போகட்டும்.

ஐந்து வெளிர்நிற நாற்காலிக்கு நடுவே ஒரு பழைய மர நாற்காலி. பார்க்க ஒட்டாதுதான். வருகிறவர்கள் கேட்டால், "அது மாமாவுடைய நாற்காலி" என்று சொல்லுங்கள்.

இரவு நீங்களே போய்க் கூப்பிடுங்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள். முதல் நாள் வேண்டாம் என்பார். மறுநாளும் போய்க் கூப்பிடுங்கள். அவர் வந்து உட்கார்ந்ததும் கறை விழுந்தால் விழட்டும், சாப்பிட்டு முடிக்கும்வரை துணியை எடுக்காதீர்கள்.

தரையை மாற்ற வேண்டாம்.